முட்டை விமானம் ஒட்டுவது சின்னப்பிள்ளை விளையாட்டா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 38, சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த ஒரு ‘முட்டை விமானம்’ கிட்டை, அதாவது பாகங்களை நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல் பெட்டியைப் பிரித்து ஒட்டினீர்கள். உடம்பு கோழிமுட்டை போல உருண்டு, இறக்கை கட்டைவிரல் நீளத்துக்குக் குறுகி, பார்த்தாலே சிரிப்பு வரும் போர் விமானம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனதே தெரியவில்லை. வீட்டில் “இந்த வயசுல பொம்மையா?” என்கிறார்கள். மாடல் கட்டும் நண்பர் ஒருவர், “இதெல்லாம் கை பழகுறதுக்குத்தான், சீக்கிரம் நிஜ ஸ்கேல் மாடலுக்கு வந்துடு” என்கிறார். இதையே தொடரலாமா, சென்னை ஈரத்தில் பெயின்ட் எப்படி நிற்கும், அடுத்து எந்தக் கிட் வாங்குவது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இதில் கிடைக்கிற சந்தோஷம் தன்னளவில் முழுசா, இல்லை வேறு ஏதோ பெரிய சமாசாரத்துக்கு அரிச்சுவடியா?

நான் யார் என்று சொல்லிவிட்டால், என் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பில் 31 வருடம் இருந்தேன். தகடு வேலைப் பிரிவு. அதாவது விமானத்தின் அலுமினியத் தோலில் விழும் நெளிவு, விரிசல், ஆட்டம் கண்ட ரிவெட் எல்லாம் எங்களிடம் வரும். ஓய்வுக்குப் பிறகு நங்கநல்லூரில் இருக்கிறேன். மாடல் கட்டுவது 20 வருடப் பழக்கம். ஒழுங்கான 1/72 மாடலும் (நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கு அளவு) கட்டியிருக்கிறேன், முட்டையும் கட்டியிருக்கிறேன். கப்பல், டாங்கி பக்கம் போனதில்லை. பெயின்ட் பெரும்பாலும் பிரஷ்தான். பெயின்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ் கையில் எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதனால் ஏர்பிரஷ் பற்றி நான் சொல்வதை ஒரு கற்றுக்குட்டி சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயமாகத் தெரிந்ததில் தொடங்குகிறேன். முட்டை விமானம் என்பது நேற்றைய இணையக் கூத்து இல்லை. ஜப்பானில் ஷிசுவோகா மாகாணத்தில் இருக்கும் ஹசெகாவா நிறுவனம் 1970களின் கடைசியிலேயே இந்த வரிசையைக் கொண்டுவந்துவிட்டது. ‘தமாகோ ஹிகோகி’ என்று பெயர்; தமாகோ என்றால் முட்டை, ஹிகோகி என்றால் விமானம். நாம் தமிழில் சொல்வதும் அப்படியே நேர்ப் பெயர்தான். டமியா உட்பட ஜப்பானின் முக்கியமான பிளாஸ்டிக் மாடல் நிறுவனங்கள் பல அந்த மாகாணத்தில்தான் இருக்கின்றன. சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி அந்த ஊருக்கு மாடல் கிட். அங்கே துல்லியமான 1/48 விமானத்துக்கு அச்சு வெட்டும் அதே நிறுவனம்தான் முட்டைக்கும் அச்சு வெட்டுகிறது. இப்போது தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் இதே பாணியில் குட்டை விமானங்கள் வருகின்றன. துல்லியம் தெரியாதவர்கள் செய்த பொம்மை இல்லை இது. துல்லியம் கைவந்தவர்கள் வேண்டுமென்றே கோணலாக்கியது.

உங்கள் நண்பர் சொல்லும் ‘நிஜ ஸ்கேல்’ விஷயத்துக்கு வருகிறேன். 1/72 என்ற அளவு ஒன்றும் வானத்திலிருந்து இறங்கி வந்ததல்ல. ஆறடி என்பது 72 அங்குலம். ஆறடி ஆள் மாடலில் ஒரு அங்குலம் நிற்பான். கணக்குக்குச் சுலபம். 1930களில் இங்கிலாந்தில் மர மாடல்களுக்கு இந்த அளவு புழக்கத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தை நிழலுருவத்தை வைத்தே அடையாளம் காணப் படைவீரர்களைப் பழக்கவும் இதே அளவு மாடல்கள் பயன்பட்டன. எல்லாம் சரி. ஆனால் அந்த மாடலின் மேல் பேனல் கோடுகள் என்று மெல்லிய பள்ளங்கள் இருக்குமே, அதை ஒரு தடவை அளந்து பாருங்கள். கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால், 72ஆல் பெருக்க 14.4 மில்லிமீட்டர் வரும். சுண்டுவிரல் போய்விடும்! 31 வருடத்தில் அப்படி ஓர் இடைவெளியோடு ஒரு விமானத்தை நாங்கள் வெளியே அனுப்பியிருந்தால் மறுநாள் எனக்கு வேலை இருந்திருக்காது. நிஜ விமானத்தின் பக்கத்தில் நின்று தடவினால் தகடும் தகடும் சேரும் இடத்தில் நகம் லேசாகத் தட்டும், அவ்வளவுதான். பத்தடி தள்ளி நின்றால் அதுவும் தெரியாது. அப்புறம் ஏன் மாடலில் அவ்வளவு ஆழமாக வெட்டுகிறார்கள்? இல்லாவிட்டால் கண்ணுக்கு மொட்டையாக இருக்கும். ஆக, துல்லிய மாடலும் கண்ணுக்காகப் பொய் சொல்லத்தான் செய்கிறது; சிரிக்காமல் சொல்கிறது. முட்டை விமானம் பொய்யைச் சிரித்துக்கொண்டே சொல்கிறது.

அந்தப் பொய்க்கும் ஓர் இலக்கணம் உண்டு. விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களின் கேலிச்சித்திரங்களை நினைத்துப்பாருங்கள். மூக்கு, கை வீச்சு, உட்காரும் கோணல் என்று நாலே கோடு. ஆள் யார் என்று யாரும் கேட்கவே தேவையில்லை. முட்டை விமானமும் அதுதான். முழு விமானத்தையும் அமுக்கினால் முட்டை வராது, கசங்கிய டப்பாதான் வரும். எதை விட்டால் இந்த விமானம் இந்த விமானமாக இருக்காதோ, அதை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, மற்றதை எல்லாம் உருண்டைக்குள் கரைத்துவிட வேண்டும்.

எஃப்-4 பாண்டம் என்ற அமெரிக்கப் போர் ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைப் பாண்டத்தில் உடம்பின் நீளம் போய்விட்டது, மூக்கு குறுகிவிட்டது. ஆனால் இறக்கையின் நுனி மட்டும் மேலே மடங்கியிருக்கும், வாலிலிருக்கும் சிறகுகள் கீழே சரிந்திருக்கும். இந்த இரண்டு கோணலும் இருந்தால் அது பாண்டம், இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஜெட். வேடிக்கை என்னவென்றால், நிஜப் பாண்டத்திலேயே அந்த மடிப்பு ஓர் ஒட்டு வேலைதான். காற்றுச் சுரங்கச் சோதனையில், பக்கவாட்டில் நிலையாக நிற்க இறக்கையை முழுவதும் 5 பாகை உயர்த்த வேண்டும் என்று தெரிந்தது. நடுவில் இருக்கும் டைட்டானியப் பகுதியை மறுபடி வடிவமைக்க மனமில்லாமல், ஓரத்தை மட்டும் 12 பாகை தூக்கிவிட்டார்கள், சராசரி சரியாகிவிட்டது. வாலைச் சுமார் 23 பாகை கீழே சாய்த்தார்கள். சட்டைக்குக் கை நீளம் பத்தாமல் நுனியில் துணி சேர்த்த தையல்காரர் வேலை. அந்தத் தையல்தான் இன்று அந்த விமானத்தின் முகம். இதை நான் புத்தகத்தில் பல தடவை படித்திருக்கிறேன். ஆனால் உள்ளங்கையில் ஒரு முட்டைப் பாண்டத்தை வைத்துக்கொண்டு, ‘எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியவன் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தான்?’ என்று யோசித்தபோதுதான் மண்டையில் ஏறியது.

போயிங் 747 என்றால் முன்பக்கத் திமில். மூக்கைத் தூக்கிச் சரக்கு ஏற்றும் விமானமாகவும் அது உழைக்க வேண்டும் என்று நினைத்து, விமானி அறையை மேலே தூக்கி வைத்ததால் வந்த திமில் அது. 1971இல் ஏர் இந்தியாவுக்கு ஜம்போ வந்தபோது ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சிவப்பில் ராஜஸ்தான் மாட வளைவு வரைந்திருந்தார்கள். அந்த வளைவை ஒரு முட்டை 747இல் போட ஆசைப்பட்டேன். இருபது இருபதாக ஜன்னல் வைத்தால் முட்டை முழுக்க ஜன்னல்தான் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஐந்து போதும் என்று முடிவு செய்யவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து 2017 மார்ச்சில் ஓய்வு பெற்ற கடற்படையின் டியூ-142 விமானத்தை முட்டையாக்கினால் எதை வைத்துக்கொள்வீர்கள்? நான் சொல்வேன்: ஒரே எஞ்சினில் முன்னும் பின்னுமாக எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டைப் புரொப்பெல்லர், பின்னால் சாய்ந்த இறக்கை. என் பழைய சகா ஒருவர் வாலில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டை விடவே கூடாது என்கிறார். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டாம். துல்லிய மாடலில் இப்படிச் சண்டை வராது. அங்கே வரைபடத்தைப் பார்த்தால் தீர்ந்தது. இங்கே தீர்ப்பு உங்கள் கண்தான்.

கிட் இல்லாமலும் செய்யலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மிக்-21 விமானங்களுக்கு 2025 செப்டம்பரில் விமானப்படை விடைகொடுத்தபோது, பேரன் “தாத்தா, எனக்கு ஒண்ணு” என்றான். அவனுடைய பம்பரத்தைத்தான் எடுத்தேன். படுக்க வைத்துப் பார்த்தால் தடித்த பின்பக்கம், குவிந்து வரும் முன்பக்கம், நுனியில் ஆணி. மிக்-21இன் மூக்கில் காற்று உறிஞ்சும் வட்டத்தின் நடுவே ஒரு கூம்பு இருக்கும். வேகம் அளக்கும் நீண்ட குழல் ஒன்றும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பம்பரம் அந்த இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டது. இறக்கைக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டை முக்கோணமாக வெட்டினேன், சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். நம் விமானப்படையிடம் இருந்த பிற்கால ரகங்களில் அந்தக் குழல் மூக்கின் நடுவில் இல்லை, மேலே தள்ளி இருக்கும், எனக்குத் தெரியும். இரண்டு நாள் தூக்கம் வராமல் யோசித்தேன். பேரன் பார்த்துவிட்டு, “மிக்கு தாத்தா!” என்று கத்தினான். அந்த ஆணியை அப்படியே விட்டுவிட்டேன். நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினேன், குழந்தை கைக்குப் போகிறது அல்லவா.

சரி, கைவேலைக்கு வருவோம். முட்டை என்றால் சுலபம் என்று நினைக்கிறவர்களுக்கு முதல் அடி விழும் இடம் ஜாயின்ட். உடம்பு இரண்டு பாதியாக வரும். சேர்த்தால் முதுகிலும் வயிற்றிலும் ஒரு கோடு நிற்கும். சாதாரண மாடலில் அதை மறைக்க ஆன்டெனா, பேனல் கோடு என்று எதாவது இருக்கும். முட்டையின் வழுவழுப்பில் ஒளிய இடமே கிடையாது. பிளாஸ்டிக் மாடல் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்குகிறது. வெல்டிங் என்றே சொல்லலாம். தண்ணீர் மாதிரி இருக்கும் மெல்லிய பசையை ஜாயின்டில் தொட்டால் தானாகவே ஓடிப் பரவும். அரை நிமிடம் விட்டு மெதுவாக அழுத்துங்கள். கரைந்த பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு அந்த வரப்பைத் தேய்த்து எடுத்தால் பல நேரம் பட்டி பார்க்கவே தேவைப்படாது. தேய்க்கும்போது உப்புத்தாளைக் கட்டையில் சுற்றாதீர்கள், தட்டை விழுந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சுற்றி, ஜாயின்டுக்குக் குறுக்காக, 400ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து 600, 1000 என்று போங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

சரியாக வந்ததா என்று விரலை வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஹேங்கரில் தோலில் நெளிவு தேடும்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்போம். நேராக அடித்தால் எதுவும் தெரியாது, சாய்த்தால் பள்ளம் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் அதற்கு டியூப்லைட் போதும். முட்டையை ஈரமாக்கி விளக்கின் கீழ் மெதுவாக உருட்டுங்கள். அதன் மேல் தெரியும் டியூப்லைட்டின் கோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது நெளிந்தால், உடைந்தால், அங்கேதான் மேடோ பள்ளமோ இருக்கிறது. முதல் நாள் என் வீட்டில் “முட்டையை வெச்சு என்ன ஜோசியமா பார்க்கறீங்க?” என்று கேட்டார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது வால் உட்காரும் பிரச்சினை. மூன்று சக்கரத்தில் ஒன்று மூக்கின் கீழ் இருக்கும் விமானங்களில் பின்பக்கம் கனத்தால் மூக்கு வானத்தைப் பார்த்துவிடும். என் முதல் முட்டை அப்படித்தான் உட்கார்ந்தது, உடம்பெல்லாம் ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகு. நிஜ விமானத்துக்கும் இந்த நோய் உண்டு. சென்னையில் ஏ.டி.ஆர். விமானத்தில் ஏறுகிறவர்கள் கவனித்திருக்கலாம்: பின்கதவு வழியாக ஆட்கள் ஏறி இறங்கும்போது வாலுக்கு அடியில் ஒரு கம்பு முட்டுக் கொடுத்திருப்பார்கள். மாடலில் கம்பு அசிங்கமாக இருக்கும். மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். மீன் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக் குண்டு கிடைக்கும், சின்னச் சின்னதாக வாங்கி மூக்கில் ஒட்டிவிடுங்கள். எவ்வளவு என்று எடைக் கணக்கு தேவையில்லை. உடம்பை டேப்பால் சேர்த்து, இறக்கையையும் வாலையும் தற்காலிகமாக மாட்டி, பின்சக்கரம் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். மூக்குப் பக்கம் சாயும்வரை குண்டு சேர்த்து, அதற்கு மேல் இரண்டு குண்டு. தஞ்சாவூர்ப் பொம்மையைத் தள்ளினாலும் ஏன் எழுந்து நிற்கிறது? அடியில் கனம். அதே வித்தைதான், கனத்தை வைக்கும் இடம் மட்டும் மூக்கு. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அப்புறம் டீகால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள். தட்டையான மெல்லிய படத்தை உருண்டையின் மேல் ஒட்டினால் மடிப்பு விழுந்தே தீரும். லட்டின் மேல் பேப்பர் சுற்றிப் பாருங்கள், புரியும். பெரிய டீகாலின் ஓரத்தில் புதுப் பிளேடால் இரண்டு மூன்று கீறல் போட்டு, டீகாலை இளக்கும் திரவத்தைத் தடவி, சுருங்கி நெளியும்போது பதற்றப்பட்டு விரலை வைக்காமல் இருந்தால், பத்து நிமிடத்தில் அது தானாகவே தோல் மாதிரி படிந்துவிடும். இதில் பொறுமைதான் கஷ்டம். சென்னைக்காரர்களுக்கு மட்டுமான ஓர் எச்சரிக்கை: டீகாலை போர்வெல் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். காய்ந்த பிறகு ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும், குழாயடியில் பூப்பது மாதிரியே. டீகாலுக்கு அடியில் பூத்துவிட்டால் எடுக்க வழியே இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் வரும். பழைய கிட்டில் டீகால் மஞ்சளாகி இருந்தால், ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள். வடாம் காயவைப்பது போலத்தான். நம் வெயிலுக்கு அதிக நாள் ஆகாது.

ஈரம் பற்றிக் கேட்டீர்கள். அதில் நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். மேலே சொன்ன மாட ஜன்னல் ஜம்போ எல்லாம் முடிந்து, கடைசியாக மினுமினுப்புக்கு லாக்கர் வார்னிஷ் ஸ்ப்ரே செய்தேன். நவம்பர் மாதம், வெளியே தூறல். பத்து நிமிடத்தில் சிவப்பின் மேல் பால் கொட்டின மாதிரி வெளுத்துவிட்டது. காரணம் எளிது: லாக்கரில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஜனவரியில் காய்ந்த ஒரு நாள் பார்த்து மெல்லிய தின்னர் மட்டும் லேசாகத் தூவினேன். முக்கால்வாசி தெளிந்தது, ஒரு பக்க இறக்கை இன்னும் பனிமூட்டத்தில்தான் பறக்கிறது. அதனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒட்டு, தேய், பட்டி பார். ஸ்ப்ரே வேலையை ஜனவரிக்கு வைத்துக்கொள். அவசரம் என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடியுங்கள். மே மாதத்தில் நேர் எதிர்ப் பிரச்சினை: பிரஷ் மாடலைத் தொடுவதற்குள் பெயின்ட் காய்ந்து இழுக்கும். விடிகாலையில் உட்கார்ந்தால் தப்பிக்கலாம். சூப்பர் குளூ ஈரத்தை வைத்துத்தான் இறுகும் என்பதால் நம் ஊரில் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும், பாட்டிலுக்குள்ளேயும் பிடித்துக்கொள்ளும். மூடியை இறுக்கி, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் வையுங்கள். சூப்பர் குளூவை விமானி அறையின் கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாக மங்கிவிடும். கூண்டுக்கு நம் ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும், தப்பாக ஒட்டினாலும் ஈரத்துணியில் துடைத்துவிடலாம்.

ஃபிளாட்டில் இருப்பதாகச் சொன்னதால் இது: லாக்கரும் தின்னரும் ஏ.சி. போட்டு மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். துணி மாஸ்க்கும் சரி, என்95ம் சரி, தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்கு வடிகட்டிக் குப்பி வைத்த மாஸ்க் தனியாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் பால்கனி, அல்லது தண்ணீர் பெயின்ட்.

மனசு லேசாகிறது, இதனால் ரத்த அழுத்தம் குறையுமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அது மருத்துவரிடம் கேட்க வேண்டியது, நான் தகடு தட்டியவன். என் மேஜையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு பெரிய துல்லிய மாடல் ஆறு மாதம் இழுக்கும். இடையில் ஒரு தப்பு நேர்ந்தால் பெட்டியை மூடி அலமாரியில் போட்டுவிடுவேன். அப்படி நாலு பெட்டி தூங்குகிறது. முட்டை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். தப்பு வந்தாலும் அது ஒரு தினுசாகச் சிரித்துக்கொண்டுதான் நிற்கும். முடித்த சந்தோஷம் வருடத்தில் பல தடவை கிடைக்கிறது. இன்னொன்று, மாடல்காரர்களிடையே ஓயாத ஒரு விவாதம்: சின்ன மாடலுக்கு நிஜ விமானத்தின் அதே நிறத்தை அடித்தால் கருமையாகத் தெரியும், கொஞ்சம் வெளுப்பாக்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார், அதெல்லாம் பிரமை என்கிறார்கள் மறு சாரார். நான் வெளுப்பாக்குகிற கட்சி, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். முட்டைக்கு இந்த வழக்கே பொருந்தாது. 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப்படைக் காட்சியில் பறந்த பழைய டகோட்டா விமானத்தை நினைத்து ஒரு குட்டை டகோட்டா செதுக்கியபோது, கண்ணில் நின்ற வெள்ளியை அடித்தேன், வரைபடத்தில் இருந்த வெள்ளியை அல்ல.

செலவு விஷயத்தில் ஒன்றுதான்: ஜப்பான் விலையைப் பார்த்து மனக்கணக்கு போடாதீர்கள். அனுப்புக்கூலியும் சுங்கவரியும் சேர்ந்தால் வேறு தொகை வரும். கருவியை மாடல் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. மெல்லிய நிப்பர், நுனி கூர்ந்த ட்வீஸர், லென்ஸ் வைத்த விளக்கு எல்லாம் ரிச்சி தெருவில் சர்க்யூட் வேலைக்காரர்களுக்கு விற்பதே நமக்கும் ஆகும்.

வீட்டில் பொம்மை என்கிறார்களா? ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் நவராத்திரிக்குப் படி கட்டுகிற ஆட்கள். செட்டியார் கடையில் மண் காய்கறி வைத்தால் பக்தி, நான் கீழே பார்க்கில் ராகி முளைத்த புல்லின் நடுவே ஓடுபாதை போட்டு முட்டை 747 நிறுத்தினால் மட்டும் சிறுபிள்ளைத்தனமா என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கு அடுத்த வருடம் ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் சீரியல் செட்டை அவர்களே சுற்றிவைத்தார்கள். இந்த ஊரில் விமானம் என்பதே ஒருத்தருடைய ஆசையில்தான் தொடங்கியது என்பதையும் சொல்லிப்பாருங்கள். மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் வைத்திருந்த டாஞ்சலிஸ், தொழிலில் கேக், மிட்டாய் செய்கிறவர். 1910இல் சிம்ப்சன் பட்டறை உதவியோடு தானே ஒரு விமானம் கட்டி, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்து, தீவுத்திடலில் டிக்கெட் போட்டு மக்களுக்குக் காட்டினார். நான் 31 வருடம் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்து ஊர் பல்லாவரம். அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதனால் உங்கள் நண்பர் சொல்லுக்கு என் பதில்: 1/72 கட்ட ஆசை வந்தால் கட்டுங்கள், வராவிட்டால் வேண்டாம். இது அதற்குப் படிக்கட்டு இல்லை, பக்கத்து வீடு. அடுத்த கிட் எது என்றால், ஜெட் வேண்டாம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஓட்டிய ஜீரோ மாதிரி பழைய புரொப்பெல்லர் விமானமாக எடுங்கள். சக்கரம் வாலில் இருப்பதால் அது எப்படியும் வாலில்தான் உட்காரும், மூக்கில் ஈயம் தேவையில்லை. ஒட்டுவதற்கு முன் பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எளிதாக வர எண்ணெய் தடவியிருந்தால் அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. கழுவும்போது ஸிங்க் ஓட்டையில் ஒரு வடிகட்டி வையுங்கள், சக்கரம் மிளகு அளவுதான் இருக்கும். காபி வடிகட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன், ஜீரோவின் சக்கரம் கிடைத்தது, இரண்டு நாள் காபி கிடைக்கவில்லை.